வைகை 66 அடி: அணைச் சங்கு முதல் செல்போன் அலறல் வரை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தச் செய்தியை அடிக்கடி கேட்டிருப்பீர்கள்: "வைகை அணை நீர்மட்டம் 66 அடியை எட்டியது, கரையோர மக்களுக்கு முதல் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை." அன்று மதுரையில் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மழையே இல்லை, எச்சரிக்கை எதற்கு என்று பலர் விட்டுவிடுவார்கள். மதுரையில் மழை பெய்ய வேண்டிய அவசியமே இல்லை. தேனி மலைகளில் கொட்டினால் போதும், தண்ணீர் இறங்கி வந்துவிடும்.

ஆண்டிபட்டி அருகே உள்ள இந்த அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அணையில் அபாயச் சங்கு ஒலிக்கும். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் தகவல் போகும். மூன்றாவது எச்சரிக்கை வந்துவிட்டால், அணைக்கு வரும் உபரி நீர் ஆற்றில் திறந்துவிடப்படும் என்று பொருள். ஆகவே ஆற்றுப் படுகையில் மாடு கட்டியிருப்பவர், மோட்டார் வைத்திருப்பவர் எல்லாம் முதல் எச்சரிக்கையிலேயே அவற்றை மேலே ஏற்றிவிடுவது நல்லது. 68.5 வரட்டும் என்று காத்திருந்தால், அது நள்ளிரவில் வந்து நிற்கும். மதுரைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: யானைக்கல் தரைப்பாலத்தில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தால் சந்து பார்த்து பைக்கை நுழைக்காதீர்கள்.

சங்குச் சத்தம் அணையைச் சுற்றித்தான் கேட்கும். அதற்கு அப்பால் தகவலைக் கொண்டு போவது வருவாய்த் துறையின் வேலை: ஆட்சியர், தாசில்தார், வி.ஏ.ஓ., கிராம உதவியாளர் என்று கீழே இறங்கும். முன்பு கடைசிக் கட்டத்தில் தண்டோரா போடுவார்கள். 2022-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோரா வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒரு சமூகத்தின் தலையில் கட்டப்பட்டிருந்த வேலை அது, போனது நல்லதுதான். இன்று மைக் கட்டிய ஆட்டோ தெருத்தெருவாக வருகிறது.

அடுத்தது செல்போன். திடீரென்று அலறி, திரை முழுக்கச் செய்தி வருகிறதே, அது எஸ்.எம்.எஸ். அல்ல, 'செல் பிராட்காஸ்ட்'. குறிப்பிட்ட பகுதியின் டவர்களில் இருந்து, அங்கே இருக்கும் போன்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் போகும். உங்கள் நம்பர் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது. பஸ்ஸில் அந்த ஊரைக் கடந்து போகிறவருக்கும் வரும். 2023-இல் சோதனைக்காக நாடு முழுக்க இதை அனுப்பிப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்தில் மிரண்டு அணைத்து வைத்தவர்கள், செட்டிங்ஸில் 'எமர்ஜென்சி அலர்ட்ஸ்' என்று தேடித் திரும்பப் போட்டுவிடுங்கள். இந்தச் செய்தி ஓ.டி.பி. கேட்காது. கேட்டால் அது வேறு யாரோ.

வானிலை மையத்தின் நிற எச்சரிக்கை வேறு கணக்கு. மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதிகனமழை. இந்த நிற எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் பொதுவாகச் சொல்வது. உங்கள் தெருவில் தண்ணீர் ஏறுமா என்பதைச் சொல்லாது. ஆரஞ்சு என்றால் பள்ளிக்கு லீவு என்பதும் கிடையாது. லீவு விடுவது ஆட்சியர் முடிவு (பிள்ளைகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்).

இதையெல்லாம் தாண்டியும் வெள்ளம் வரும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி, நெல்லைப் பகுதிகளில் கரண்டும் போய், செல்போன் சிக்னலும் போய், ஊர்கள் தனித்தனித் தீவாக நின்றன. அப்படியொரு இரவில் எந்த ஆப்பும் உதவாது. பள்ளிவாசல், சர்ச், கோயில் மைக் கூட கரண்டோ பேட்டரியோ இருந்தால்தான் பேசும். எனவே உங்கள் ஊருக்கு நிவாரண முகாம் எந்தப் பள்ளி, எந்த மண்டபம் என்று வி.ஏ.ஓ.விடம் மழைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அணை உடைந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு வந்தால், அடுத்தவருக்குத் தள்ளும் முன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள். வெளியூரில் இருந்து என்றால் அந்த மாவட்டத்தின் எஸ்.டி.டி. கோடு முன்னால் வேண்டும். லைன் கிடைக்காவிட்டால் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070.