ஒரு விதையை எடுத்தால் ஆண்மை போய்விடாது

போன வாரம் 26 வயதுப் பையன் ஒருவன் மூச்சுத்திணறலோடு வந்தான். பழைய சீட்டைப் பிரித்தால் என் கையெழுத்து. வலது விதையில் கட்டி என்று ஏழு மாதத்துக்கு முன் என்னிடமே வந்தவன்தான். ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு, இது விதைப் புற்றுநோய், விதையை எடுத்துவிட வேண்டும், இந்த வாரமே செய்துவிடலாம் என்று சொல்லியிருந்தேன். வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று போனவன் வரவே இல்லை. இப்போது நுரையீரல் வரை பரவிவிட்டது.

ஏன் வரவில்லை என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "இன்னும் கல்யாணம் ஆகலை டாக்டர். அதை எடுத்துட்டா அப்புறம் நான் என்ன ஆம்பளை?"

இதே பதிலை இதற்கு முன்பும் பலமுறை கேட்டிருக்கிறேன். கோபமும் வருகிறது, மனசும் கேட்கவில்லை. அதனால் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

விதைகள் இரண்டு. ஒன்றை எடுத்தாலும், மற்றது நன்றாக இருந்தால் உடம்புக்கு வேண்டிய ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அது ஒன்றே சுரந்துவிடும். தாடி, குரல், ஆசை எல்லாம் அப்படியே இருக்கும். விறைப்புக்கு வேண்டிய நரம்பும் ரத்தக்குழாயும் வேறு வழியாகப் போகின்றன, இந்த அறுவை அவற்றைத் தொடுவதே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரு விதையின் விந்தணுவே குழந்தை பெறப் போதும். சிலருக்கு அந்த விதை சுரக்கும் ஹார்மோன் போதாமல் இருக்கலாம், அவர்களுக்கு அதை ஊசியாகவோ ஜெல்லாகவோ கொடுக்க முடியும். பார்வைக்கு வெறுமையாக இருக்குமே என்று கவலைப்பட்டால் சிலிக்கோனால் ஆன செயற்கை விதை வைத்துக்கொள்ளலாம், வெளியே யாருக்கும் தெரியாது. தழும்புகூட விதைப்பையில் வராது, தொடை இடுக்குக்குச் சற்று மேலேதான் வரும். (சந்தேகமான கட்டியில் விதைப்பை வழியாக ஊசி குத்தியோ வெட்டியோ சதை எடுக்கக் கூடாது, நோய் பரவும் பாதையே மாறிவிடும். யாராவது அப்படி எடுக்கலாம் என்று சொன்னால் இன்னொரு சிறுநீரக அறுவை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.)

கீமோவால், அதாவது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துச் சிகிச்சையால், விந்தணு குறையலாம், அது உண்மை. அதனால்தான் முன்கூட்டியே விந்தணுவைச் சேமித்து வைக்கச் சொல்கிறோம். இந்தப் பையனுக்கு அதற்குக்கூட அவகாசம் இல்லை, வந்த அன்றே கீமோவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. குழந்தை பிறக்காதோ என்று பயந்து ஓடியவனுக்கு இப்படி ஆனதுதான் என்னை இதை எழுத வைத்தது.

அவனுக்கு நம்பிக்கை இருக்கிறது, அதையும் அவனிடம் சொன்னேன். பரவிய பிறகும் குணமாக்க வாய்ப்புள்ள புற்றுநோய்கள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. 1970-களில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து வந்த பிறகு நிலைமையே தலைகீழானது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-இல், 25 வயதில், இதே நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது, பிழைத்து எழுந்தார். ஆனால் அந்த மருந்து சும்மா விடாது. காது மந்தமாகலாம், விரல் நுனி மரத்துப்போகலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஆரம்பத்திலேயே வந்தவர்களில் பலருக்கு அறுவை முடிந்ததும் வெறும் கண்காணிப்பே போதும், கீமோவே தேவைப்படாது. அந்த ஏழு மாதத்தில் அவன் இழந்தது இதைத்தான்.

இது கிழவர்களுக்கு வரும் நோய் என்று நினைக்காதீர்கள். 15 முதல் 35 வயதுக்குள்தான் அதிகம். "வலிக்கலையே" என்று தள்ளிப்போடவும் வேண்டாம், பெரும்பாலும் இந்தக் கட்டி வலிக்காது. வெந்நீரில் குளித்ததும் இரண்டையும் விரலால் மெல்ல உருட்டிப் பாருங்கள். பின்பக்கம் நூல்சுருள் மாதிரி மென்மையாக இருப்பது இயல்பு. விதையோடு ஒட்டிய கெட்டியான முடிச்சு, வீக்கம், ஒரு பக்கம் புதிதாகக் கனப்பது, இவற்றில் எது இருந்தாலும் வெட்கப்படாமல் காட்டுங்கள். தொற்று என்று மாத்திரை கொடுத்து இரண்டு வாரத்தில் வற்றவில்லையா, ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சிறு வயதில் விதை கீழே இறங்காமல் இருந்தவர்களும், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இது வந்தவர்களும் கூடுதல் கவனமாக இருங்கள்.

சிகிச்சை முடிந்தவர்களுக்கும் ஒன்று. நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள்தான் திரும்பும். நன்றாக இருக்கிறேன் என்று ஸ்கேனுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து.