டிராஃப்டை ஏலம் என்று எழுதாதீர்கள்

ஏப்ரல் கடைசியில் அமெரிக்கக் கால்பந்தில் டிராஃப்ட் நடக்கும்; அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்து ஒவ்வொருவராக எடுக்கும் நிகழ்ச்சி அது. அதைப் பற்றித் தமிழில் வரும் செய்திகளைப் படித்தால் எனக்கு வயிறு எரிகிறது. "ஏலத்தில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்" என்று ஒருவர் எழுதுகிறார். "வரைவில் முதலிடம் பிடித்தார்" என்கிறார் இன்னொருவர். காணொளிகளில் பேசுகிறவர்களும் "நம்ம ஐபிஎல் ஏலம் மாதிரிதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். டிராஃப்டும் ஏலமும் ஒன்றல்ல, நேர் எதிர். அந்த ஒரு வரியால், அதற்குப் பிறகு அவர்கள் பேசுவதெல்லாம் கேட்பவருக்குத் தப்பாகவே போய்ச் சேர்கிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இழுப்பது என்ற பொருள் கொண்ட பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது இது. கோடு இழுத்தால் முன்வடிவு. கணக்கிலிருந்து பணத்தை இழுத்தால் வங்கி டிராஃப்ட். ஊரிலிருந்து ஆளை இழுத்துப் படையில் சேர்த்தால் அதுவும் டிராஃப்ட். 1863-இல் நியூயார்க்கில் கலவரம் மூண்டதும், வியட்நாம் போர்க்காலத்தில் இளைஞர்கள் தங்கள் படைப்பதிவு அட்டைகளை எரித்ததும் இந்தக் கடைசி வகையை எதிர்த்துத்தான். விளையாட்டுக்கு வந்த பொருளும் படையிலிருந்து வந்ததே. ஒரு கூட்டத்திலிருந்து ஆளைப் பிரித்து எடுப்பது, எடுக்கப்படுகிறவரின் விருப்பத்தைக் கேட்காமலே எடுப்பது என்ற இரண்டும் அதில் உண்டு.

இன்று நடக்கும் விதம் இது. 32 அணிகள், 7 சுற்றுகள். போன பருவத்தில் எல்லாருக்கும் கீழே கிடந்த அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பையை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் இளைஞர்களில் ஒருவரை அணி தன் முறை வரும்போது சொல்லும். சொன்னதும் அவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டும்தான். இதில் விலை கூவும் இடம் எங்கே இருக்கிறது?

ஏலம் என்றால் என்ன? ஒருவர் ஒரு தொகை சொல்ல, அடுத்தவர் கூட்டிச் சொல்ல, யாரிடம் பணம் அதிகமோ பொருள் அவருக்கு. அப்படி நடப்பதை ஒழிக்க வேண்டும் என்றே பிறந்ததுதான் டிராஃப்ட். 1930-களில் கல்லூரி முடித்த நல்ல ஆட்டக்காரர் எந்த அணியோடும் பேசலாம். சிகாகோ பேர்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் போன்ற வசதியுள்ள அணிகள் நல்லவர்களை அள்ளிக்கொண்டு போயின. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் தோற்றுக்கொண்டே இருந்தார். தோற்கும் அணிக்குக் கூட்டம் வராது, கூட்டம் வராவிட்டால் பணம் வராது, பணம் இல்லாவிட்டால் நல்ல ஆட்டக்காரர் வரமாட்டார். அவர்தான் 1935-இல், கடைசி அணிக்கு முதல் வாய்ப்பு கொடுங்கள் என்று மற்ற உரிமையாளர்களிடம் கேட்டார். ஒப்புக்கொண்டார்கள். 1936 பிப்ரவரி 8 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது. 9 அணிகள், 9 சுற்றுகள், 81 பேர். ஏலப் போட்டியைக் கொல்லப் பிறந்த ஒன்றுக்கு ஏலம் என்றே பெயர் வைக்கிறோம். இதைவிடப் பெரிய மொழிபெயர்ப்புப் பிழையை விளையாட்டுப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

முதன்முதலில் எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கரின் கதையும் இதையே காட்டும். ஈகிள்ஸ் அவரை எடுத்தது. அவர் கேட்கும் சம்பளம் தங்களுக்குக் கட்டாது என்று அவர்மீதான உரிமையைச் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டது. சிகாகோவோடும் தொகை படியவில்லை. அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. எடுப்பது ஒரு வேலை, சம்பளம் பேசுவது அதற்கப்புறம் வரும் வேறு வேலை. ஏலத்தில் இரண்டும் ஒரே நொடியில் முடிந்துவிடும்.

இப்போது சம்பளப் பேச்சுக்கும் பெரிதாக இடமில்லை. 2010-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. 2011-இல் அணிகளும் வீரர் சங்கமும் போட்ட உடன்பாட்டில் புதியவர்களின் சம்பளத்துக்கு வரம்பு வந்தது. அந்த ஆண்டு முதலாவதாக எடுக்கப்பட்ட கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுகளுக்குச் சுமார் 2.2 கோடிதான். எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறாரோ அதற்கு ஏற்ற தொகை என்று ஏறக்குறைய முன்பே முடிவாகிவிடுகிறது.

வெறும் சொல் சண்டைக்காக இவ்வளவு எழுதவில்லை. எந்த அணி யாரை எடுக்க வேண்டும் என்ற விவாதம் மாதக்கணக்கில் நடக்கும். டிராஃப்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஏலம் என்ற சொல் அந்த விவாதத்தைப் புரியாமல் ஆக்கிவிடுகிறது. 2017-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவுக்கு மூன்றாவது வாய்ப்பு இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கூடுதல் வாய்ப்புகளைக் கொடுத்து ஓரிடம் மேலே ஏறி, இரண்டாவதாக மிட்செல் ட்ருபிஸ்கியை எடுத்தது. பேட்ரிக் மஹோம்ஸ் பத்தாவதாகத்தான் போனார். அவரை எடுத்த கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் பின்னர் அவரை வைத்து மூன்று முறை சூப்பர் பவுலை, அதாவது பருவத்தின் கோப்பைக்கான இறுதி ஆட்டத்தை, வென்றது. ட்ருபிஸ்கி நான்கு பருவங்களில் சிகாகோவை விட்டுப் போனார். "சிகாகோ மஹோம்ஸை ஏலத்தில் தவறவிட்டது" என்று இதை எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? பணம் பத்தவில்லை போலிருக்கிறது, சீஃப்ஸ் கூடக் கேட்டுவிட்டது போலிருக்கிறது என்றுதானே? உண்மையில் சிகாகோவின் முறை வந்தபோது, முதலாவதாகப் போன மைல்ஸ் கேரட்டைத் தவிர அத்தனை பேரும் காத்திருந்தார்கள். கை நீட்டினால் மஹோம்ஸ். நீட்டவில்லை. அது கணிப்பின் பிழை. சிகாகோ ரசிகர்கள் இன்றுவரை பேசி மாய்வது அதற்காகத்தான். அந்தப் பிழையை ஏலம் என்ற சொல் பணப்பையின் பிழையாக மாற்றிவிடுகிறது.

பின்னாளில் ஜாம்பவான் ஆன டாம் பிரேடி 2000-இல் 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்டதும் அப்படியே. ஏலம் என்று எழுதினால் அவர் மலிவாகக் கிடைத்தார் என்று ஆகும். ஒவ்வோர் அணியும், அவரை எடுத்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் உட்பட, தன் முறை வந்தபோது அவரை வேண்டாம் என்று தாண்டிப் போனது என்பதே நடந்த கதை.

அணிகள் வாய்ப்புகளைப் பணம்போல மாற்றிக்கொள்கின்றனவே, அது ஏலம் மாதிரி இல்லையா என்று ஒரு வாதம் வரும். டாலஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் ஒவ்வொரு வாய்ப்புக்கும் மதிப்பெண் போட்ட பட்டியலே உருவானது. முதல் வாய்ப்புக்கு 3000, இரண்டாவதற்கு 2600. 1999-இல் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஒருவருக்காக அந்த ஆண்டின் தன் வாய்ப்புகள் எல்லாவற்றையும், அடுத்த ஆண்டில் இரண்டையும் வாஷிங்டனுக்குக் கொடுத்தது. சரி, விலை பெரிதுதான். ஆனால் கொடுத்து வாங்கியது வீரரை இல்லை, வாஷிங்டனின் முறையை. கைமாறுவது முறை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என் சொல் அதிலிருந்துதான் வருகிறது.

இந்தியாவிலேயே 2015-இல் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துக்கு ஏலமும் நடந்தது, டிராஃப்டும் நடந்தது. சுனில் சேத்ரியை மும்பை 1.2 கோடி ரூபாய்க்கு எடுத்தது ஏலத்தில். மற்ற உள்நாட்டு வீரர்கள் பலர் போனது டிராஃப்டில். இரண்டுக்கும் ஏலம் என்றே எழுதினால் இந்த இரண்டு வாக்கியங்களை எப்படி எழுதுவது? தனித்தமிழ் என்று சொல்லி ஏலத்தைத் தூக்கிப்பிடிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏலம் போர்ச்சுக்கீசியர் வழியே வந்த சொல். அதற்காக அதை விரட்டச் சொல்லவில்லை, தமிழோடு ஒட்டிவிட்ட நல்ல சொல். தூய்மையைக் காரணம் காட்டி அதைத் தப்பான இடத்தில் உட்கார வைக்க வேண்டாம் என்கிறேன்.

வரைவுக்கு வருவோம். இது அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியது. வரைவு வாக்காளர் பட்டியல், சட்ட வரைவு என்று தினமும் பார்க்கிற வாசகருக்கு வரைவு என்றால் இன்னும் முடிவாகாதது. டிராஃப்டில் பெயர் சொன்னால் முடிந்தது முடிந்ததுதான். சங்க இலக்கியம் தெரிந்த ஒருவர் வரைவுக்கு வக்காலத்து வாங்கலாம். அகப்பாடல்களில் வரைதல் என்றால் மணந்துகொள்வது, 'வரைவு கடாதல்' என்று துறையே உண்டு, ஒருவரைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பொருள் அதில் இருக்கிறது என்பார். இருக்கிறது, மறுக்கவில்லை. எனக்கே அந்தப் பொருள்மேல் ஆசைதான். ஆனால் 'அணி அவரை வரைந்தது' என்று எழுதினால் இன்றைய வாசகர் தூரிகையைத்தான் நினைப்பார். செத்துப்போன பொருளை உரையில்லாமல் எழுப்ப முடியாது.

ஆட்சேர்ப்பு? அமெரிக்கக் கால்பந்தில் பள்ளி மாணவரைக் கல்லூரிகள் போட்டி போட்டு அழைக்கும் வேலைக்கு அதுதான் பெயர். அங்கே மாணவர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறார், இங்கே அணி அவரைத் தேர்ந்தெடுக்கிறது. குழப்பக் கூடாது. வீரர் தேர்வு என்பது நாளைய ஆட்டத்துக்குப் பதினோரு பேரை எடுப்பதற்கும் ஆகும், போதாது.

நான் சொல்வது முறைத்தெரிவு. தண்ணீர் குறைந்த காலத்தில் வாய்க்கால்களுக்கு மாற்றி மாற்றி விடுவதை முறைப்பாசனம் என்கிறோம். முறை என்பதில் வரிசையும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. முறைமாமன் என்பதில் உள்ளது அந்த உரிமைதான். தெரிவு இலங்கைத் தமிழில் இன்றும் அன்றாடச் சொல். தமிழ்நாட்டில் தேர்வு என்றால் பரீட்சை ஞாபகம் வந்துவிடுகிறது, தெரிவில் அந்தத் தொல்லை இல்லை. குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று அதிகாரமே உண்டு, ஆராய்ந்து ஆளை எடுப்பது பற்றி.

சிறுவர்கள் விளையாட அணி பிரிக்கும் 'உத்தி பிரித்த'லை எடுக்கலாமா என்றும் யோசித்தேன். அழகான சொல். ஆனால் அதில் இரண்டு பேர் புனைபெயர் வைத்துக்கொண்டு வருவார்கள், தலைவன் யார் எது என்று தெரியாமல் ஒரு பெயரைக் கேட்பான். இங்கே அணிகள் ஓட்ட வேகத்தையும் உயரத்தையும் கை நீளத்தையும் அளந்துவிட்டுத்தான் வருகின்றன. உத்தி என்றால் இன்று வியூகம் என்று வேறு ஆகிவிட்டது.

முறைத்தெரிவு நாக்கில் ஒட்டவில்லை என்றால் டிராஃப்ட் என்றே எழுதுங்கள், குற்றமில்லை. பொய் சொல்லும் தமிழ்ச் சொல்லைவிட உண்மை சொல்லும் கடன் சொல் மேல். ஒருவர் எடுக்கப்படாமலே போனால் 'ஏலம் போகாதவர்' என்று எழுதும் கொடுமையையாவது நிறுத்துங்கள். கர்ட் வார்னரை 1994-இல் ஓர் அணியும் எடுக்கவில்லை; பின்னாளில் சூப்பர் பவுலின் சிறந்த வீரர் ஆனார். விற்காத கத்தரிக்காய்க்குச் சொல்லும் சொல்லை அவருக்குச் சொல்லக் கூடாது. தெரிவாகாதவர் என்றால் போதும்.

இந்த விவாதங்களைத் தமிழாக்குகிறவர்கள் சொல்லுக்குச் சொல் வைப்பதை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். இளம் வீரர்கள் எல்லாரையும் 'வருங்கால நட்சத்திரம்' என்று எழுதுகிறார்கள். 1998-இல் பெய்டன் மேனிங்கா ரையன் லீஃபா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. இண்டியானாபொலிஸ் மேனிங்கை எடுத்தது, அடுத்து லீஃபைச் சான் டியேகோ எடுத்தது. மேனிங் ஜாம்பவான் ஆனார், லீஃப் சில ஆண்டுகளில் காணாமல் போனார். நட்சத்திரம் யார் என்று தெரியாமல் இருப்பதுதானே விவாதமே? 'தெரிவுக்கு வந்தவர்கள்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? எப்போதும் வரும் இன்னொரு கேள்வி, மிச்சமிருப்பவர்களில் ஆகச் சிறந்தவரை எடுப்பதா, அணியில் ஓட்டை எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கு ஆள் எடுப்பதா என்பது. இதைச் சொல்ல வேண்டுமென்றால் 2005-ஐச் சொல்லுங்கள். கிரீன் பேயில் பிரெட் ஃபாவ்ர் ஆடிக்கொண்டிருக்கும்போதே, 24-ஆவது முறையில், அதே இடத்தில் ஆடும் ஆரன் ராட்ஜர்ஸை எடுத்தார்கள். மூன்று ஆண்டுகள் அவர் பெஞ்சில் இருந்தார். 2010 பருவத்தில் கோப்பை வந்தது. அந்த முடிவைப் பற்றி யார் வேண்டுமானாலும் தமிழில் மணிக்கணக்கில் சண்டை போடலாம், முதல் வரியில் ஏலம் என்று எழுதாமல் இருந்தால்.