பயத்தை உடைக்கச் சொல்பவர்களுக்கும் உடைக்கப் புறப்பட்டவர்களுக்கும்

கடந்த மாதம் என் வகுப்புக்கு 43 வயதான வங்கி ஊழியர் ஒருவர் வந்தார். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்பி அவர் வணக்கம் சொன்ன விதத்திலேயே எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. வேறோர் இடத்தில் ஆறு வாரங்களாக யோகா கற்றுவந்தவர். மற்ற ஆசனங்கள் எல்லாம் ஓரளவு வந்துவிட்டன, தலையையும் முன்கைகளையும் ஊன்றித் தலைகீழாக நிற்கும் சிரசாசனம் மட்டும் வரவில்லை. கால் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் நெஞ்சு படபடத்துக் கீழே இறங்கிவிடுவாராம். “பயம் மனசுலதான் சார் இருக்கு, அதை உடைச்சிட்டீங்கன்னா தானா வந்துரும்” என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கைப்பேசியில் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, கட்டில் மெத்தையைச் சுவரோரமாகக் கீழே இழுத்துப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் ஒரே உதையில் மேலே வீசியிருக்கிறார். பயம் உடைந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. மறுநாளிலிருந்து வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போக ஆரம்பித்துவிட்டன.

அவரை விரிப்பில் உட்காரக்கூட விடாமல் எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். இந்த ஆண்டில் இப்படி வந்த மூன்றாவது ஆள் இவர். மூவருக்கும் அவரவர் ஆசிரியர் சொன்னதாக அவர்கள் சொன்னது பயத்தை உடைக்கச் சொல்லும் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் என்பதால், திருச்சியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

‘மனத்தடை’ என்ற சொல்லை இப்போது நாங்கள், அதாவது யோகா கற்றுக்கொடுப்பவர்கள், மிகவும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். மாணவருக்கு ஒரு ஆசனம் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று தேடுவதற்கு உடலைப் பற்றிய அறிவும் பொறுமையும் வேண்டும்; மனத்தடை என்று சொல்லிவிட்டால் இரண்டும் வேண்டியதில்லை, பழியும் மாணவர் தலையில் இறங்கிவிடும். மனத்தடை என்று முத்திரை குத்தப்பட்டு என்னிடம் வந்தவர்களை உட்காரவைத்துப் பேசிப் பார்த்தால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் வேறொரு காரணம் கிடைக்கிறது. ஒரு பெண், தலைகீழாகப் போகும் எந்த ஆசனத்துக்கும் ஏதாவது சாக்குச் சொல்லி மூலைக்குப் போய்விடுவார். விசாரித்தால், ஆண்களும் இருக்கும் வகுப்பில் சுடிதார் டாப் கீழே சரிந்துவிடுமே என்ற கூச்சம். உள்ளே ஒரு டி-ஷர்ட் போட்டு, அதை பேண்டுக்குள் செருகிக்கொண்டு வரச் சொன்னேன். அவ்வளவுதான், அவருடைய ‘மனத்தடை’ மறுநாளே காணாமல் போய்விட்டது. இதைக் கேட்க ஆசிரியருக்குத் தோன்றவில்லை, சொல்ல மாணவிக்கு வாய் வரவில்லை, நடுவில் நான்கு மாதம் போயிருந்தது.

இன்னொருவர், பாதங்களை எதிர்த் தொடைகளின் மேல் ஏற்றி வைக்கும் பத்மாசனத்தில் உட்கார மறுத்தவர். அவருக்கு இடுப்புப் பந்துக்கிண்ண மூட்டின் அமைப்பே தொடையை அந்த அளவுக்கு வெளிப்பக்கம் திரும்பவிடவில்லை. தொடை திரும்பாத குறையை முழங்கால் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும், அங்கேதான் தசைநார் கிழியும். எலும்பின் வடிவத்தை மனவுறுதியால் மாற்ற முடியாது. மற்றொரு அம்மாவுக்குச் சிரசாசனத்தில் கண்ணுக்குள் ஏதோ நெட்டித் தள்ளுவதுபோல இருந்ததால் பயந்தார். பரிசோதித்தபோது கண் அழுத்த நோய் இருந்தது. சிரசாசனத்தில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகிறது. அந்த அம்மா பயப்படாமல் தினமும் பத்து நிமிடம் தலைகீழாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, பயத்தை உடைக்கச் சொன்னவர்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுகிற உண்மையான பயம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை நான் மறுக்கவில்லை. மருத்துவரும் சரி என்கிறார், தோளும் முதுகும் போதுமான அளவு பலம் பெற்றுவிட்டன, ஆடையும் பிரச்சினை இல்லை, ஆனாலும் கால் எழும்ப மறுக்கிறது. இங்கேதான் மிகப் பெரிய தவறான புரிதல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பயம் என்பது ஆசனத்துக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் ஒரு சுவர் என்றும், ஒருமுறை பலமாக மோதினால் அது இடிந்துவிடும் என்றும், இடிந்தபின் மறுபடி எழும்பாது என்றும் பலர் நம்புகிறார்கள். மோதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் முறை எப்படியோ மேலே போய்விட்டவர் இரண்டாம் முறை அதைவிட அதிகமாக நடுங்குவார். காரணம், அவர் மேலே இருந்த அந்த ஐந்து விநாடிகளில் மூச்சை அடக்கிக்கொண்டு, தாடையை இறுக்கிக்கொண்டு, எப்போது விழப்போகிறோம் என்றுதான் காத்திருந்தார். உடல் பழகிக்கொண்டது ஆசனத்தை அல்ல, அந்த அச்சத்தைத்தான். பத்து முறை இப்படிச் செய்தால் பத்து முறையும் அச்சத்தையே பயிற்சி செய்ததாக ஆகும். அதை விடாமுயற்சி என்று பாராட்டுவது வேறு நடக்கிறது.

யோக சூத்திரங்களைத் தந்த பதஞ்சலி ஆசனத்தைப் பற்றிப் பேசிய சூத்திரங்கள் மிகச் சில. ஸ்திரமும் சுகமும் சேர்ந்தது ஆசனம் என்பது முதல் சூத்திரம்; அதை எப்படி அடைவது என்பதற்கு அடுத்த சூத்திரத்திலேயே அவர் வைத்த சொல் ‘பிரயத்ன சைதில்யம்’, அதாவது முயற்சியைத் தளர்த்துதல். உடைப்பது, வெல்வது, மோதுவது என்ற பேச்சே அங்கு இல்லை. உயிரின் மேல் உள்ள பற்றையும் அதனால் வரும் அச்சத்தையும் அபிநிவேசம் என்று ஐந்து துன்பங்களுள் ஒன்றாகச் சொல்லும்போது, கற்றறிந்தவர்களிடமும் அது இருக்கும் என்று ஒரு வார்த்தை சேர்க்கிறார். கற்றறிந்தவர்களிடமே இருக்கும் என்றால் ஆறு வாரம் வகுப்புக்கு வந்த வங்கி ஊழியரிடம் இருப்பதில் என்ன வெட்கம்? மனம் சிதறியிருப்பதன் அடையாளங்களாக அவர் உடல் நடுங்குவதையும் மூச்சுத் தாறுமாறாவதையும் குறிப்பிடுகிறார். மாணவரின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று ஆசிரியர் ஊகிக்கவே தேவையில்லை, காலையும் மூச்சையும் பார்த்தால் போதும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

தையற்கடை நடத்தும் 51 வயது அக்கா ஒருவரைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். சிறுவயதில் மொட்டைமாடிப் படியிலிருந்து தலைகுப்புற விழுந்தவர். எலும்பு அடர்த்தி, இரத்த அழுத்தம், கண் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம். முதல் மூன்று வாரங்கள் அவர் தலையைத் தரையில் வைக்கவே நான் அனுமதிக்கவில்லை. முன்கைகள் இரண்டையும் விரிப்பில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, தலை தரையைத் தொடாமல் தொங்க, ஐந்து மூச்சு. அதன்பின் கால்களை ஒரு நாற்காலியின் மேல் வைத்து அதே நிலை. நாற்காலி நழுவாமல் சுவரோடு ஒட்டியிருக்கும். அங்குதான் பயம் வந்தது. குனிந்து பார்த்தேன், நாற்காலியை அழுத்திய அழுத்தத்தில் அவருடைய பெருவிரல் நகம் வெளுத்துப் போயிருந்தது, மூச்சு நின்றிருந்தது. “அக்கா, ஒரு பிளவுஸுக்கு என்னென்ன அளவு எடுப்பீங்க, வரிசையா சொல்லுங்க” என்றேன். “உயரம்... பதினாலு” என்று தொண்டையில் சிக்கிய குரலில் ஆரம்பித்தார். “ஷோல்டர் பதினாலரை, மார்பு முப்பத்தாறு...” இடுப்பு அளவுக்கு வருவதற்குள் குரல் கடையில் பேசுகிற குரலாக மாறிவிட்டது, கை நீளம் சொல்லும்போது நகத்துக்கு நிறம் திரும்பியிருந்தது. உடனே இறங்கச் சொல்லிவிட்டேன். நன்றாக இருக்கும்போதே இறங்கவேண்டும், அந்த நினைவோடுதான் அடுத்த நாள் உடல் மேலே வரும்.

பேசவைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு பேச முடியாது, அவ்வளவுதான். வாய் திறந்து ஒரு வாக்கியம் சரளமாக வராத நிலையில் இருக்கும் மாணவரை அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட நகர்த்தக்கூடாது என்பது என் விதி. ஒரு படி கீழே வாருங்கள், அங்கே குரல் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் அங்கேயே சில நாட்கள் தங்குங்கள்.

இன்னொன்று, ஏறக் கற்றுக்கொடுப்பதற்கு முன் இறங்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். பயப்படுகிறவர்களில் பெரும்பாலோர் மேலே போவதற்குப் பயப்படவில்லை, எப்படித் திரும்பி வருவது என்று தெரியாததற்குத்தான் பயப்படுகிறார்கள். அந்த அக்கா ஒரு காலை மட்டும் சுவருக்கு மாற்றி, திரும்ப நாற்காலிக்குக் கொண்டுவருவதை ஒரு வாரம் முழுக்கச் செய்தார். வலது கால், பிறகு இடது கால். எட்டாவது வாரம் இரண்டு கால்களும் சுவரில் இருந்தன. “இதுக்கா டீச்சர் நாப்பது வருஷமா பயந்தேன்?” என்று தலைகீழாக இருந்தபடியே கேட்டார். அவர் என்னைக் கேள்வி கேட்டதிலேயே மூச்சு சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சிரசாசனத்தில் முன்கைகள்தான் எடையைத் தாங்கவேண்டும், தலை சும்மா தொட்டுக்கொண்டிருக்கவேண்டும் என்று நாங்கள் எல்லோரும் வகுப்பில் சொல்கிறோம். அனுபவசாலிகளை வைத்து அளந்து பார்த்தபோதுகூட, உடல் எடையில் 40 முதல் 48 சதவீதம் வரை உச்சந்தலையில் இறங்கியிருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது கிட்டத்தட்ட 30 கிலோ. நாள் முழுவதும் 5 கிலோ தலையைச் சுமப்பதற்காக அமைந்த கழுத்தெலும்புகள் ஏழின் மேல் இதை ஏற்றுகிறோம். உதைத்து ஏறும்போது நேரும் குலுக்கல் தனி. மெத்தையின் மேல் செய்தால் தலை புதைந்து கழுத்து மடங்கும். விபத்தை மெத்தை தடுக்கும் என்று நினைப்பவர்கள் இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டால் போதும், கெட்டியாக இருக்கவேண்டும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நின்றபடி கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, எதிரெதிர் முழங்கைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்கைகளுக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் இடைவெளி இல்லையென்றால், மேற்கை நீளம் குறைவாகவோ தோள் இறுக்கமாகவோ இருக்கிறது. தலைகீழாக நின்றால் கைகளால் எடையைப் பகிர்ந்துகொள்ளவே முடியாது. தோளின் இறுக்கம் மாதக்கணக்கில் தளரும். மேற்கை நீளாது. அப்படிப்பட்டவர்கள் சுவரில் கால் சாய்த்துச் செய்யும் விபரீதகரணியோடு நிறுத்திக்கொண்டால் யோகத்தில் ஒரு மாற்றுக் குறைந்துவிடாது.

கண் அழுத்த நோய், விழித்திரைக் கோளாறு, கட்டுப்படாத இரத்த அழுத்தம், கழுத்துத் தேய்மானம், எலும்பு மெலிவு உள்ளவர்களுக்குச் சிரசாசனம் கிடையாது. ‘கொஞ்ச நேரம்’ என்பதும் கிடையாது. நாற்பதைக் கடந்தவர்கள் இவற்றைப் பரிசோதித்துக்கொள்ளாமல் தொடங்கக்கூடாது. சாப்பிட்டு நான்கு மணி நேரமாவது ஆகியிருக்கவேண்டும். மேலே இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பாதீர்கள். படம் எடுக்க ஆள் வைக்காதீர்கள். படத்துக்காக நீட்டிக்கும் பத்து விநாடிகளில்தான் கழுத்து சரிகிறது. தசையின் நடுப்பகுதியில் மந்தமாக இழுப்பது போகப் போகத் தளரும். மூட்டில் குத்துவதும், மின்சாரம் பாய்வதுபோலக் கையில் இறங்குவதும் வேறு ரகம். அங்கே நிறுத்தவேண்டும், மனதோடு பேரம் பேசக்கூடாது.

ஆசிரியர் நண்பர்களுக்கு ஒன்று. ஜூன் 21 யோகா தினம் முடிந்ததும் புதிதாக ஒரு கூட்டம் வரும், மூன்று மாதத்துக்குள் ஏதாவது ‘பெரிய ஆசனம்’ காட்டாவிட்டால் நின்றுவிடுவார்கள் என்ற கவலை நமக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, வாடகை எனக்கும் உண்டு. ஆனால் மாணவர் பயப்படுகிறேன் என்று சொல்லும் நிமிடத்தில் அவர் நமக்கு ஒரு தகவல் தருகிறார். எங்கே பயம், ஏறும்போதா, மேலே இருக்கும்போதா, முன்பு எப்போதாவது விழுந்ததுண்டா, தலை சுற்றுகிறதா என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். முதுகில் கைவைத்து, சொல்லாமல் கொள்ளாமல் மேலே தள்ளிவிடும் பழக்கத்தை மட்டுமாவது விட்டுவிடுங்கள். ஒருமுறை அப்படித் தள்ளப்பட்டவர் அடுத்த ஆசிரியரிடமும் தோளை இறுக்கிக்கொண்டுதான் நிற்பார், அதைத் தளர்த்த எனக்கு ஆறு மாதம் பிடிக்கிறது.

வங்கி ஊழியருக்குக் கழுத்தில் நரம்பு அழுந்தியிருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டார். தலையில் எடை ஏற்றும் எதையும் செய்யக்கூடாது என்பது உத்தரவு. மருத்துவரின் அனுமதியோடு இப்போது வாரம் மூன்று நாள் வருகிறார். தோள்பட்டைக்கான எளிய பயிற்சிகள், மூச்சு, சவாசனம். கட்டைவிரலில் உணர்வு திரும்பிக்கொண்டிருக்கிறது, ஆள்காட்டி விரல் இன்னும் மரத்தே இருக்கிறது. போன வாரம் கிளம்பும்போது, “அப்போ எனக்கு வந்த பயம் சரியான பயம்தானா மேடம்?” என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். அவரைப் போலவே உதைத்து ஏறிவிட்டு, விரல் மரப்பதை யாரிடமும் சொல்லாமல் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால், வகுப்புக்கு வரவேண்டாம், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.