இடப்பக்கம் தங்கிவிட்ட பெருஞ்சிரை

அப்பாவுக்கு சி.ஆர்.டி. என்ற இதயத் துடிப்புக் கருவி பொருத்தும்போது, இடப்பக்கம் கூடுதலாக ஒரு பெருஞ்சிரை இருப்பது தெரிந்து சிகிச்சை வெகுநேரம் நீண்டதாம். "இது நோயா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். நோயில்லை, பிறவி அமைப்பு.

இதயத்தின் இடது மின்பாதை அடைபட்டால் இடது கீழறையின் சுவர்கள் ஒரே நேரத்தில் சுருங்காமல் முந்தியும் பிந்தியும் சுருங்கும். சி.ஆர்.டி. இரு கீழறைகளையும் ஒருசேரத் தூண்டுகிறது. தூண்டும் மின்கம்பியை இடது கீழறைக்குள்ளேயே வைத்தால் அதில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம். அதனால் வலது மேலறையில் திறக்கும் கொரோனரி சைனஸ் என்ற சிரைக்குள் நுழைந்து, அதன் கிளையொன்றில் கம்பியை நிறுத்துவார்கள்.

சரி, கூடுதல் சிரை எங்கிருந்து வந்தது? கருவில் தலை, கை ரத்தத்தைக் கொண்டுவர வலம், இடம் என இரண்டு பெருஞ்சிரைகள் உண்டு. எட்டாவது வாரம் வாக்கில் குறுக்கே ஓர் இணைப்பு உருவாகி, இடப்பக்க ரத்தம் வலப்பக்கம் திரும்பிவிடும். வேலையற்றுப்போன இடது சிரை சுருங்கி, இதயத்தின் மேல் வெறும் இழையாக மிஞ்சும். ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு அது சுருங்குவதில்லை. கொரோனரி சைனஸுக்குள் ரத்தத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த ரத்தமும் பெரும்பாலும் வலது மேலறைக்கே போய்ச் சேர்வதால் ஒரு தொந்தரவும் தெரியாது. கர்ப்பத்தில் தாய் கிரகணம் பார்த்ததால் வந்த குறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிப் பல தாய்மார்களைக் குற்றவாளியாக்கியிருக்கிறோம்.

கம்பி செலுத்தும்போதுதான் சிக்கல். வழக்கமாகக் கம்பி மேலறையிலிருந்து ரத்த ஓட்டத்தை எதிர்த்துப் போய்க் கிளைக்குள் திரும்பும். இங்கே இடத்தோளிலிருந்து ஓட்டத்தோடு இறங்குகிறது. நீரோட்டத்தோடு வரும் படகு, கிளையாறு கலக்குமிடத்தில் பின்பக்கமாக வளைந்து ஏறுவதைப் போன்ற வேலை அது. கூடுதல் ரத்தத்தால் சைனஸ் வேறு வீங்கியிருக்கும். பலூனால் அடைத்து, சாயம் செலுத்திக் கிளைகளைப் படமெடுப்பதும் கடினம். வலது கீழறைக்கான கம்பியோ, சைனஸ் வாயிலிருந்து வெளிவந்து மேலறைக்குள் ஒரு சுற்று வளைந்தால்தான் வால்வைத் தாண்டும். வலப்பக்கச் சிரை சரியாக இருந்தால் பல மருத்துவர்கள் அந்தப் பக்கமே போய்விடுவார்கள்.

எக்கோவில் சைனஸ் விரிந்து தெரிந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. உப்புநீரைச் சிறிது காற்றோடு குலுக்கி இடது கையில் ஊசியாகச் செலுத்தினால், நுண்குமிழிகள் மேலறைக்கு முன்பே சைனஸில் மின்னும். செலவு ஓர் ஊசியும் சில நிமிடங்களும்தான். கருவி பொருத்துமுன் இதைச் செய்யாமல் விடக்கூடாது என்பேன்.

அப்பாவின் கருவி அட்டையோடு இந்த விவரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளை இடது கழுத்திலோ தோளிலோ டயாலிசிஸ் குழாய் போட நேர்ந்தால், மருத்துவரிடம் அதை முதலில் காட்டுங்கள்.