முன்வரிசையில் மோதும் இரண்டு அலைகள்

ஜூன் 21 சாயங்காலம் பாண்டி பீச் ரோடு பக்கம் போனால் தெருவுக்குத் தெரு பாட்டுக் கேட்கும். 1982-இல் பிரான்ஸில் தொடங்கிய இசைத் திருநாளை அதே தேதியில் பாண்டியும் கொண்டாடுகிறது. ராக் இசைக்குழு ஏறப்போகும் மேடை என்றால் கல்லூரிப் பிள்ளைகள் நேரத்தோடு போய் முன்வரிசையைப் பிடித்துவிடுவார்கள். ஆசைப்பட்டுப் பிடிக்க வேண்டிய இடம்தான் அது. கிட்டார் வாசிப்பவரின் விரல் ஓட்டம் தெரியும். டிரம்ஸ் அடி நெஞ்சுக்குள் விழும். ஆனால் அங்கே நிற்பவர் மீது இரண்டு அலைகள் மோதுகின்றன. ஒன்று ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, மற்றது முதுகுக்குப் பின்னாலிருந்து. பின்னால் வரும் அலை ஆபத்தாக மாறுவதில் முன்னால் வரும் அலைக்கும் பங்கு உண்டு.

முதலில் ஸ்பீக்கர். திறந்தவெளியில், ஒரே இடத்திலிருந்து வரும் ஒலி, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 3 மீட்டரில் நிற்பவருக்கும் 24 மீட்டரில் நிற்பவருக்கும் 18 டெசிபல் வித்தியாசம். எண்ணாகப் பார்த்தால் சிறிதுதான். ஆனால் டெசிபல் மடக்கை அளவு, அதாவது ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியாற்றல் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பதால், முன்னால் நிற்பவர் காதுக்குள் போகும் ஒலியாற்றல் 64 மடங்கு. பாண்டியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் தெருக்களில் இருபுறச் சுவர்களும் ஒலியைத் திருப்பி அடிப்பதால், பின்னால் தள்ளிப் போனாலும் அவ்வளவு குறையாது.

காதுக்கு எவ்வளவு தாங்கும்? அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வைத்திருக்கும் கணக்கு இது: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி என்று இறங்கிக்கொண்டே வந்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான் மிஞ்சும். ராக் கச்சேரியின் முன்வரிசையில் 100-ஐத் தொடுவது சர்வசாதாரணம். அங்கே 2 மணி நேரம் நின்றால் எட்டு நாள் பங்கை ஒரே ராத்திரியில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

இதில் சேதம் எங்கே நடக்கிறது என்றால், உட்காதின் நத்தைச்சுருளில். ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஒலியின் அசைவை நரம்புக்கான சைகையாக மாற்றுவது அவைதான். பறவைகளுக்கு அவை அழிந்தால் திரும்ப முளைக்கும். நமக்கு முளைக்காது. கச்சேரி முடிந்ததும் காதில் “குய்ய்” என்று ஒரு சத்தம் இருக்கும், பேச்சு பஞ்சு வைத்தது போல மங்கிக் கேட்கும். “காலையில சரியாயிடும்ணே” என்பார்கள். பெரும்பாலும் கேட்கும் திறன் திரும்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் 2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் சுண்டெலிகளை 2 மணி நேரம் 100 டெசிபல் ஒலியில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்குள் எலிகளின் கேட்கும் திறன் பழைய நிலைக்கு வந்துவிட்டது. மயிரணுக்களும் அப்படியே இருந்தன. அவற்றை நரம்போடு இணைக்கும் முனைகளில் மட்டும், உயர் சுருதிப் பகுதியில் ஏறக்குறைய பாதி போயே போய்விட்டது. காலையில் சரியாகிவிட்டது என்பதை நம்பி அடுத்த கச்சேரிக்கு வெறுங்காதோடு போகக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இந்த எலிகள்தான் காரணம்.

தீர்வு மலிவானது. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் 15 டெசிபல் குறைத்தாலே 100 என்பது 85 ஆகிவிடும். 15 நிமிடம் 8 மணி நேரமாகும். பலர் அதைக் காதின் வாசலில் செருகிக்கொண்டு, பயனில்லை என்று கழற்றிவிடுகிறார்கள். விரலிடுக்கில் உருட்டி மெல்லிய குச்சியாக்க வேண்டும். மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் துளை நேராகும். உள்ளே விட்டு, நுரை உப்பும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு இரு உள்ளங்கைகளாலும் காதுகளைப் பொத்திப் பாருங்கள். சத்தம் இன்னும் நன்றாகக் குறைந்தால் அடைப்பான் சரியாக உட்காரவில்லை. வெறும் பஞ்சை நம்ப வேண்டாம், அது கொஞ்சம்தான் குறைக்கும்.

அடைத்துக்கொண்டால் இசை போய்விடுமே என்ற கவலை வேண்டாம். பேஸ் என்ற தாழ்ந்த சுருதி ஒலி காதை மட்டும் நம்பி வருவதில்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர். அது உடம்பு முழுவதையும் அதிரவைக்கும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு மின்னிசைக் கச்சேரியின்போது, காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்த ஒலியைத் தரும் ஸ்பீக்கர்களை யாருக்கும் தெரியாமல் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். போட்டிருந்த நேரத்தில் மக்கள் ஏறத்தாழ 12 சதவீதம் அதிகமாக ஆடினார்கள். 2022-இல் வெளியான ஆய்வு இது. மேடையின் இரு பக்கமும் பேஸுக்கான சப்-வூஃபர் ஸ்பீக்கர்களை அடுக்கியிருந்தால் இரண்டின் அலைகளும் நேர் நடுவில் ஒன்றுசேரும். பேஸ் அங்கேதான் உச்சம். கூட்டமும் அங்கேதான் முட்டும்.

இனி முதுகுப் பக்கம். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமி வரும்போது நின்றவர்களுக்குத் தெரியும், ஒரு கட்டத்துக்கு மேல் கால் நம் பேச்சைக் கேட்காது. சதுர மீட்டருக்கு 7 பேர் என்ற நிலை வந்தால் கூட்டம் திரவம்போல் ஆகிவிடும் என்று அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் எழுதினார். ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரத் திருவிழாக் கூட்டத்தைப் பல ஆண்டுகள் மேலிருந்து படமெடுத்த இயற்பியலாளர் டெனிஸ் பார்த்தோலோவின் குழு 2025-இல் அதைவிட நுட்பமான ஒன்றைச் சொன்னது. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4 பேரைத் தாண்டியதும், யாரும் தள்ளாமலேயே நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து சுழல்போல் அசையத் தொடங்குகிறார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 18 விநாடி.

பின்னால் இருப்பவர் அரை அடி முன்னே சாய்கிறார், அவ்வளவுதான். அப்படி ஒவ்வொருவரும் தரும் சிறு அழுத்தம் கூடிக்கூடி பேரிகேடு கம்பிக்கு வரும்போது பெரும் சுமையாகிறது. நெரிசலில் இறப்பவர்கள் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டி இறக்கிறார்கள். 2000-இல் டென்மார்க்கின் ராஸ்கில்ட் ராக் விழாவில் மேடைக்கு முன்னால் 9 பேரின் உயிர் அப்படித்தான் போனது. முன்னால் ஒருவர் “தள்ளாதீங்க” என்று தொண்டை கிழியக் கத்தினாலும், 100 டெசிபலில் பத்தடி பின்னால் நிற்பவருக்கு வாய் அசைவதுகூடத் தெரியாது. முதல் அலைக்கும் பங்கு உண்டு என்று சொன்னது இதைத்தான். செய்தி பின்னோக்கிப் போகும் வழியைச் சத்தம் அடைத்துவிடுகிறது, அழுத்தம் மட்டும் முன்னோக்கி வந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே அங்கே கைதான் பேச வேண்டும். பேரிகேடுக்கு அப்பால் நிற்கும் காவலர் கண்ணில் படும்படி இரு கைகளையும் உயர்த்துங்கள். அலை வரும்போது எதிர்த்து நிற்காமல் அதோடு அசைந்துவிட்டு, அது தளரும் நொடியில் குறுக்குவாக்கில் ஓரடி வையுங்கள். அடுத்த தளர்வில் இன்னொரு அடி. முழங்கைகளை மடக்கி முன்கைகளை நெஞ்சுக்கு முன் வைத்துக்கொண்டால் மூச்சுக்கு இடம் இருக்கும். போன் கீழே விழுந்தால் போகட்டும், குனியாதீர்கள். நான் நிற்கச் சொல்லும் இடம் நடுவும் இல்லை, ஸ்பீக்கர் அடுக்கின் வாசலும் இல்லை. இரண்டுக்கும் இடையில், வெளியேற ஒரு பக்கம் திறந்திருக்கும் இடம்.

ராக் கூட்டத்தில் யாராவது விழுந்தால் முன்பின் தெரியாதவர்கள்கூட உடனே கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள். அந்த வழக்கத்துக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. நெருக்கத்தில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துதான் நிற்கிறார்கள். ஒருவர் விழுந்தால் அவரை நம்பிச் சாய்ந்தவருக்குத் தாங்கல் இல்லாமல் போய், அவரும் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே விழுவார், அவருக்குப் பின்னால் இருப்பவரும் விழுவார். பள்ளம் பெரிதாவதற்குள் இரண்டு பேர் முதுகைக் காட்டிப் பின்தள்ளுதலைத் தாங்க வேண்டும், மற்ற இருவர் அக்குளில் கைகொடுத்து விழுந்தவரைத் தூக்க வேண்டும்.