அழுகிற முகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்?

பயிற்சிப் பட்டறைகளில் மாணவர்களின் குறும்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கவலை வரும். அழுதால் டைட் க்ளோஸப், கோபப்பட்டால் க்ளோஸப், தண்ணீர் குடித்தாலும் க்ளோஸப். உண்மையிலேயே கண் கலங்க வேண்டிய இடம் வரும்போது, இன்னும் நெருங்கிப் போகத் தூரமே மிச்சமில்லை.

ஒரு படத்தில், மகன் இறந்த செய்தி அம்மாவுக்குப் போனில் வருகிறது. நடித்தவர் நாடகத்தில் ஊறியவர். முதல் டேக் க்ளோஸப். கண்ணீர் தாரை தாரையாக வந்தது. ஆனால் மானிட்டர் முன்னால் இருந்த எங்கள் யாருக்கும் மனசு அசையவில்லை. கேமராவைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். அடுக்களைக் கதவு நிலைக்குள் அவர் முதுகு மட்டும். தலைக்கு மேல் வெறும் சுவர். போன் காதில் இருக்க, அடுப்பை அணைக்கப் போன கை பாதியில் நிற்கிறது. பால் பொங்கி வழிகிறது. அவர் நகரவில்லை. ‘கட்’ சொல்லவே இயக்குநருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முகத்தைக் காட்டினால் அவர் அழுவதைப் பார்க்கிறோம். முதுகைக் காட்டினால் அந்த முகத்தை நாமே நினைத்துக்கொள்கிறோம். அதில் நம் வீட்டு முகமும் வந்துவிடும்.

க்ளோஸப் தப்பே இல்லை. 1928இல் வெளிவந்த, கார்ல் டிரையர் இயக்கிய ஜோன் ஆஃப் ஆர்க் படம் பெரும்பாலும் முகங்களாலேயே ஆனது. ஜோனாக நடித்த ஃபால்கோனெட்டியின் ஒப்பனையில்லாத முகம் இன்றும் உலுக்குகிறது. அங்கே முகம்தான் களம் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது.

கணவன் மனைவி சண்டைக்கு நான் சஜஷன் ஷாட்டில், அதாவது ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் ஷாட்டில், தொடங்குவேன். ஒருவர் தோள் இன்னொருவர் ஃப்ரேமில் இருக்கும்வரை உறவும் இருக்கிறது. பேச்சு முறியும் இடத்தில் தோளை எடுத்துவிட்டுத் தனித்தனி ஷாட்டுக்குப் போவேன். நடிப்பவர் பார்க்கும் பக்கம் ஃப்ரேமில் இடம் விடுவது பாலபாடம். அதை அடைத்து முதுகுப் பக்கம் காலியாக விட்டால், போக வழியில்லாமல் நிற்கிறவர் தெரிவார்.

செல்போனில் எடுப்பவர்கள் கவனியுங்கள்: மெயின் கேமரா பெரும்பாலும் 24 முதல் 28 எம்.எம்.முக்கு இணையான வைடு லென்ஸ், அகலமான பரப்பைக் காட்டுவது. முகத்துக்கு ஓரடியில் வைத்தால் மூக்கு புடைத்து, துக்கம் கேலிச்சித்திரமாகிவிடும். தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் இருந்தால் அதற்கு மாறி, நாலைந்து அடி பின்னால் போய் எடுங்கள்.

அந்த அம்மாவுக்குப் படத்தில் ஒரே ஒரு க்ளோஸப்தான் வைத்தோம். சில நாள் கழித்து, அடிப்பிடித்த அந்தப் பால் பாத்திரத்தைத் தேய்க்கிறார். கண்ணில் ஈரமே இல்லை.