மாஸ்ட்ரிக்ட்டில் ஒரு நியாயம், ஆம்ஸ்டர்டாமில் ஒரு நியாயம்: நெதர்லாந்தின் காஃபிஷாப் விதிகள்

நெதர்லாந்தில் நல்ல காப்பி குடிக்க விரும்புகிறவர் 'கஃபே' என்று எழுதியிருக்கும் கடைக்குப் போவதே நல்லது. 'காஃபிஷாப்' என்ற பெயர்ப்பலகை தொங்கும் கடையிலும் காப்பி கிடைக்கும் என்றாலும், அங்கே வருகிறவர்கள் காப்பிக்காக வருவதில்லை. கஞ்சாவையும் அதன் பிசினான ஹஷிஷையும் சில்லறையாக விற்கவும், வாங்கியவர் அங்கேயே உட்கார்ந்து புகைக்கவும் நகராட்சி விட்டுவைத்திருக்கும் கடைகளுக்குத்தான் அந்நாட்டில் அந்தப் பெயர் வழங்குகிறது. நாட்டின் 340-க்கு மேற்பட்ட நகராட்சிகளில் ஏறத்தாழ 100 நகராட்சிகள் மட்டுமே இத்தகைய கடைகளை வைத்திருக்கின்றன. மொத்தமுள்ள 570 கடைகள் வரையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஆம்ஸ்டர்டாமில் இருக்கின்றன.

'விட்டுவைத்திருக்கும்' என்று எழுதியது தற்செயலாக அல்ல. கஞ்சா நெதர்லாந்தில் சட்டபூர்வமானது என்று நம் பயணக் கட்டுரைகள் பலவற்றில் எழுதப்படுவது தவறு. 1928-இல் இயற்றப்பட்ட அபின் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கஞ்சாவை வளர்ப்பது, விற்பது, கையில் வைத்திருப்பது ஆகிய மூன்றுமே குற்றம். 1976-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது போதைப்பொருள்களை இரண்டு பட்டியல்களாகப் பிரித்தார்கள்: ஹெராயின், கொக்கெய்ன் போன்றவை முதற்பட்டியலிலும், கஞ்சாவும் ஹஷிஷும் இரண்டாம் பட்டியலிலும் வைக்கப்பட்டன. ஹெராயின் பரவத் தொடங்கியிருந்த காலம் அது. கஞ்சா வாங்கப் போகும் இளைஞன் அதே விற்பனையாளனிடம் ஹெராயினையும் பார்க்கும்படி இருக்கக் கூடாது, இரண்டு சந்தைகளையும் பிரித்துவிட வேண்டும் என்பதே பிரிவினையின் நோக்கம். முழுவதுமாகச் சட்டபூர்வமாக்க 1961-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை இடம் கொடுக்கவில்லை. எனவே டச்சுக்காரர்கள் தங்கள் சட்டமரபில் ஏற்கெனவே இருந்த ஒரு வழியைக் கையாண்டார்கள்: பொதுநலனுக்கு உதவாது என்று கருதினால் ஒரு குற்றத்தின்மேல் வழக்குத் தொடுக்காமல் விட அரசு வழக்குத் தொடுப்புத் துறைக்கு அதிகாரம் உண்டு. குற்றம் என்று தெரிந்தே, சில நிபந்தனைகளின்பேரில் அதைக் கண்டுகொள்ளாமல் விடும் இந்த ஏற்பாட்டுக்கு டச்சு மொழியில் 'கெடோகன்' என்று பெயர்.

இதைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கும். வாடிக்கையாளருக்கு இங்கே உரிமை என்று எதுவும் இல்லை. இருப்பது சலுகை, அதுவும் நிபந்தனைகள் மீறப்படாத வரையில் மட்டும். வயது வந்த ஒருவர் 5 கிராம் வரை வைத்திருந்தால் அவர்மேல் வழக்குப் போடுவதில்லை. ஆனால் காவலர் அதைப் பறிமுதல் செய்தால், தன் பொருளைத் திருப்பிக் கொடு என்று கேட்கவும் அவரால் முடியாது.

கடைகளுக்கான நிபந்தனைகள் ஐந்து. அவற்றின் டச்சு முதலெழுத்துகளைக் கோத்து அதிகாரிகள் ஒரு சுருக்கப்பெயரே வைத்திருக்கிறார்கள். கடை விளம்பரம் செய்யக் கூடாது. முதற்பட்டியல் போதைப்பொருள் எதுவும் கடைக்குள் இருக்கவே கூடாது. அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை ஏற்படக் கூடாது. 18 வயது நிரம்பாதவருக்கு விற்பது மட்டுமன்றி அவரை உள்ளே விடவும் கூடாது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே நாளில் 5 கிராமுக்கு மேல் விற்கக் கூடாது. இதே நிபந்தனையின்படி கடையின் மொத்தக் கையிருப்பும் 500 கிராமைத் தாண்டக் கூடாது. 1996-க்கு முன்னால் தனிநபர் அளவு 30 கிராமாக இருந்தது. அந்த ஆண்டில்தான் 5 கிராமாகக் குறைத்தார்கள். இவற்றுள் ஒன்றை மீறினாலும் கடையைச் சில மாதங்களுக்கோ நிரந்தரமாகவோ மூட மேயருக்கு அதிகாரம் உண்டு. எத்தனை கடைகள் இருக்கலாம், ஒன்றுமே வேண்டாமா என்பதையும் மேயர், தலைமை அரசு வழக்கறிஞர், காவல்துறைத் தலைவர் ஆகிய மூவரும் உள்ளூர் அளவில் பேசி முடிவு செய்கிறார்கள். பெல்ஜியத்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்து குவிந்த கூட்டத்தால் பெர்ஹன் ஓப் ஸோம், ரோசன்டால் ஆகிய எல்லையோர நகரங்கள் 2009-இல் தங்கள் கடைகள் அனைத்தையும் மூடிவிட்டன.

வெளிநாட்டிலிருந்து வருகிறவரை நேரடியாகத் தொடும் விதி இந்த ஐந்தில் இல்லை. அது பின்னால் சேர்க்கப்பட்ட 'வசிப்போர் விதி'. நெதர்லாந்தில் வசிப்பவர் மட்டுமே காஃபிஷாப்புக்குள் நுழையலாம் என்பது அதன் சாரம். அதன் கதை தொடங்குவது மாஸ்ட்ரிக்ட்டில். பெல்ஜியமும் ஜெர்மனியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்தச் சிறு நகரத்தின் கடைகளுக்கு ஒரு காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 பேர் வந்தார்கள். அவர்களில் 70 விழுக்காட்டினர் நெதர்லாந்தில் வசிக்காதவர்கள். தெருக்களில் வண்டி நெரிசலும், கடைக்கு வெளியே மறைமுகமாகக் கடுமையான போதைப்பொருள் விற்போரின் தொல்லையும் பெருகியதால், வெளியாரை அனுமதிக்கக் கூடாது என்று நகராட்சி விதி செய்தது. அதை மீறியதற்காக 2006-இல் 'ஈஸி கோயிங்' என்ற கடையை மேயர் தற்காலிகமாக மூடினார். கடையின் உரிமையாளர் மார்க் யோசமன்ஸ் வழக்குத் தொடுத்தார்; அது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது.

2010 டிசம்பர் 16-இல் வந்த அந்தத் தீர்ப்பில் ஒரு சுவையான நுணுக்கம் உண்டு. ஒன்றியத்துக்குள் சரக்குகளும் சேவைகளும் தடையின்றிச் செல்லலாம் என்ற சுதந்திரத்தைக் கஞ்சா விற்பனைக்காகக் கோர முடியாது, ஏனெனில் அது எல்லா உறுப்பு நாடுகளிலும் தடைசெய்யப்பட்ட பொருள் என்றது நீதிமன்றம். ஆனால் அதே கடையில் விற்கும் காப்பிக்கும் பழச்சாற்றுக்கும் தின்பண்டத்துக்கும் அந்தச் சுதந்திரம் பொருந்தும் என்பதால், வெளியாரைத் தடுப்பது அதைக் கட்டுப்படுத்துவதாகிறது என்பதையும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் போதைச் சுற்றுலாவையும் அதனால் வரும் தொல்லைகளையும் ஒடுக்குவதற்கு அந்தக் கட்டுப்பாடு நியாயமானதே என்று முடித்தது.

தீர்ப்பின் துணிவில் 2012 மே முதல் தென்மாநிலங்கள் மூன்றில் 'கஞ்சா அட்டை' முறை கொண்டுவரப்பட்டது. ஒவ்வொரு கடையும் உறுப்பினர் மட்டுமே வரும் மூடிய சங்கமாக வேண்டும் என்றார்கள். தங்கள் பெயரை ஒரு கஞ்சாக் கடையின் பதிவேட்டில் எழுத உள்ளூர்க்காரர்களே விரும்பவில்லை. வாங்குவோர் தெருமுனை விற்பனையாளரிடம் போனார்கள். எந்தத் தெரு வணிகத்தை ஒழிக்கக் கடைகளைப் பொறுத்துக்கொண்டார்களோ, அதையே வளர்த்துவிட்ட அந்த அட்டை முறை அவ்வாண்டு முடிவதற்குள் கைவிடப்பட்டது. 2013 ஜனவரி முதல் உறுப்பினர் முறை போய், வசிப்போர் விதி மட்டும் நாடு முழுமைக்கும் உரியதாக நிற்கிறது. ஆனால் அதை எந்த அளவுக்கு நடைமுறைப்படுத்துவது என்பது அந்தந்த நகராட்சியின் விருப்பம். மாஸ்ட்ரிக்ட் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்து வந்திருக்கிறது; ஆம்ஸ்டர்டாம் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடிக்கவில்லை. 2021-இல் ஆம்ஸ்டர்டாம் மேயர் ஃபெம்கே ஹல்செமா சுற்றுலாப் பயணிகளைத் தடுக்கலாம் என்று முன்வைத்த யோசனைக்கும் நகர்மன்றத்தில் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. ஆகவே போக நினைக்கும் நகரத்தின் நிலையை அந்நகராட்சியின் அறிவிப்பில் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம்.

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விதி பார்ப்பது வசிப்பிடத்தை, குடியுரிமையை அல்ல. சில கிலோமீட்டருக்கு அப்பால் பெல்ஜியத்தில் குடியிருக்கும் டச்சுக்காரர் மாஸ்ட்ரிக்ட் கடையின் வாசலிலேயே நிறுத்தப்படுவார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து, நகராட்சியில் முகவரியைப் பதிந்துகொண்ட இந்திய மாணவர், அடையாள அட்டையோடு நகராட்சிப் பதிவேட்டின் நகலையும் காட்டினால் உள்ளே போகலாம்.

ஆம்ஸ்டர்டாமில் கடவுச்சீட்டோ ஐரோப்பிய அடையாள அட்டையோ போதும். நரைத்த தலையோடு போனாலும் வாசலில் இருப்பவர் கேட்பார். வயதுக் குறைந்தவர் ஒருவர் உள்ளே இருந்தது கண்டுபிடிக்கப்பட்டால் மூடப்படுவது கடைக்காரரின் பிழைப்பு. நகராட்சி ஏற்றுக்கொண்ட கடை என்பதற்கு அடையாளமாகக் கண்ணாடியில் பச்சையும் வெள்ளையுமான ஒட்டுவில்லை இருக்கும். உள்ளே பெரும்பாலும் மங்கிய வெளிச்சமும், கனத்த புகையும், தணிந்த பாட்டும், மேசையில் சதுரங்கப் பலகையும் இருக்கும். மதுக்கடையின் கூச்சல் இங்கே இராது. அதற்குக் காரணமும் ஒரு விதிதான்: காஃபிஷாப்பில் மது விற்கக் கூடாது. விளம்பரத் தடை காரணமாக விலைப்பட்டியல் வீதியில் தெரியும்படி தொங்காது. விற்பனை மேடையில் கேட்டுப் பார்க்க வேண்டும். விற்பவர் நம் கண்முன் தராசில் நிறுத்துக் கொடுப்பார், அல்லது முன்பே நிறுத்துக் கட்டிய பொட்டலத்தை எடுத்துத் தருவார். ஒன்றும் குடிக்காமல் மணிக்கணக்கில் மேசையைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கடைக்காரர்கள் விரும்புவதில்லை.

எல்லாரையும் வியக்க வைப்பது புகையிலை விதி. 2008 ஜூலை முதல் உணவகங்களிலும் விடுதிகளிலும் புகையிலைக்கு வந்த தடை காஃபிஷாப்புகளுக்கும் பொருந்தும். அதாவது கஞ்சாவை மட்டும் சுருட்டிப் புகைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள்; அதில் சிறிது புகையிலையைக் கலந்தால் தவறு. இதனால் பல கடைகளில் புகையிலைக்குப் பதிலாகக் கலந்துகொள்ள மூலிகைத் தூளை மேடைமீதே வைத்திருக்கிறார்கள். கடைக்கு வெளியே வந்தால் வேறு கணக்கு: ஆம்ஸ்டர்டாமின் சிவப்பு விளக்குப் பகுதியில் 2023 மே 25 முதல் தெருவில் கஞ்சா புகைப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது, பிடிபட்டால் அபராதம் 100 யூரோ.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பொருளின் வீரியத்தால். டச்சுக் கஞ்சாவின் வீரியம் பழைய காலத்துக் கஞ்சாவைவிடப் பல மடங்கு கூடியது. கேக்காகத் தின்றால் போதை ஏற ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவது துண்டைத் தின்பவர்களே அதிகம் அவதிப்படுகிறார்கள். நிலைமை கைமீறினால் 112-ஐ அழைக்கலாம். என்ன உட்கொண்டார் என்பதை மருத்துவ உதவியாளரிடம் மறைக்க வேண்டிய தேவை இல்லை. வண்டி ஓட்டுவது வேறு. 2017 ஜூலை முதல் சாலையில் எச்சில் சோதனை நடக்கிறது, அங்கே கண்டுகொள்ளாமை கிடையாது.

இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை கடையின் பின்வாசல். முன்வாசலில் விற்பதைப் பொறுத்துக்கொள்ளும் அரசு, கடைக்குச் சரக்கு வருவதைப் பொறுத்துக்கொள்வதில்லை. வளர்ப்பவரும் கொண்டுவருபவரும் குற்றவாளிகளே. வரி கட்டும் கடைக்காரர், விற்கும் பொருளை மட்டும் சட்டத்துக்கு வெளியே இருப்பவரிடம் வாங்கியாக வேண்டியிருக்கிறது. அரை நூற்றாண்டு நீடித்த இந்த முரண்பாட்டைத் தீர்க்கத் தனிச்சட்டம் ஒன்று இயற்றி, 2023 டிசம்பரில் பிரெடா, டில்பர்க் ஆகிய இரு நகரங்களில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார்கள். அரசு உரிமம் பெற்ற பண்ணைகளில் வளர்ந்து, வீரியமும் உடல்நல எச்சரிக்கையும் அச்சிட்ட உறையில் முத்திரையிட்டு வரும் கஞ்சாவே கடைகளில் விற்கப்பட வேண்டும் என்பது திட்டம். மாஸ்ட்ரிக்ட், குரோனிங்கன், நைமேகன் உட்படப் பத்து நகராட்சிகள் இதில் இருக்கின்றன. 2025 ஏப்ரல் 7 முதல் அங்கெல்லாம் பழைய வழியில் வந்த கஞ்சாவை விற்க முடியாது. உரிமம் பெற்றவர்களின் ஹஷிஷ் போதாமல் இருந்ததால் அதற்கு மட்டும் சில மாதம் அவகாசம் தரப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் இந்தப் பத்தில் இல்லை. அங்கே பின்வாசல் பழையபடியே இருக்கிறது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் கடைசியாக ஒன்றை அறிந்திருக்க வேண்டும். நம் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் முதற்பிரிவே, இந்தியாவுக்கு வெளியே உள்ள இந்தியக் குடிமக்களுக்கும் அச்சட்டம் பொருந்தும் என்கிறது. நெதர்லாந்தில் 5 கிராமைக் கண்டுகொள்ளாமல் விடுவது அந்நாட்டு வழக்கறிஞர்களின் முடிவு. நம் சட்டத்தை அது கட்டுப்படுத்தாது. மேலும், வாங்கியது மிச்சம் இருந்தாலும் அதை எந்த எல்லைக்கு வெளியேயும் கொண்டுபோகக் கூடாது. பெல்ஜியத்துக்குச் செல்லும் ரயிலானாலும், ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குக் கிளம்பும் பெட்டியானாலும், ஒரு கிராம்கூட டச்சுச் சட்டத்தில் ஏற்றுமதிக் குற்றமாகும், அதை எந்த நகராட்சியும் பொறுத்துக்கொள்வதில்லை.